இரண்டு கற்பனை உலகங்கள் ஒட்ட மறுக்கும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை மேசையில் நடத்தும் கேம் மாஸ்டர் நீங்கள். கிரேஹாக் என்ற கற்பனை உலகத்தில் தொடங்கிய கேம்பெயினை, அதாவது தொடர் கதையை, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற இன்னொரு உலகத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். அல்லது மிஸ்டாரா என்ற உலகத்துக்கென்று எழுதிய பழைய மாட்யூல் (அச்சில் வந்த சாகசப் புத்தகம்) ஒன்றை வேறொரு உலகத்தின் கரையில் இறக்குகிறீர்கள். முதல் இரண்டு செஷன் நன்றாகவே போகும். மூன்றாவதில் யாராவது ஒருவர் வரைபடத்தில் விரலை வைத்து, "இங்கிருந்து அங்கே போக எத்தனை நாள்?" என்று கேட்பார். தையல் பிரிவது அங்கேதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உலகங்கள் பலவும் ஒன்றுக்கொன்று உறவு உள்ளவை. ஒரே தெய்வப் பெயர்கள், ஒரே அரக்க இனங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகள். ஆனால் ஒரே நேரத்தில், ஒரே அளவுகோலில் யாரும் அவற்றை வரையவில்லை. அதனால் கோளாறு வெளியே ஒரு மாதிரி தெரியும், உள்ளே காரணம் வேறாக இருக்கும். கடவுள் பிரச்சினை என்று நினைத்து மல்லுக்கட்டுவீர்கள், கடைசியில் அது தேதிப் பிரச்சினையாக இருக்கும். அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் மேசையில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

உங்களிடம் இருக்கும் தகவல்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியல், மேசையில் வாய்விட்டுச் சொன்னவை. இரண்டாவது, பிளேயர்கள் கையில் கொடுத்த வரைபடம், கடிதம், குறிப்பு. மூன்றாவது, புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் மட்டும் படித்திருக்கிறீர்கள். திருத்தம் எப்போதும் மூன்றாவது குவியலில்தான் தொடங்க வேண்டும். முதல் குவியலில் கை வைக்கவே கூடாது. அச்சில் வந்தது என்பதற்காக ஒரு புத்தகத்துக்கு, பிளேயர்கள் நம்பி முடிவெடுத்த ஒரு வாக்கியத்தைவிட அதிக உரிமை கிடையாது. வளைய வேண்டியது புத்தகம்தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அறிகுறி: பயண நாட்கள் இடிக்கின்றன

வியாபாரி 10 நாள் என்றார், வரைபடம் 13 என்கிறது. அல்லது ஒரு நாளில் வரவேண்டிய எல்லைக் காவல்படை மூன்று நாள் கழித்து வருகிறது. ஏறக்குறைய எப்போதும் காரணம் அளவுகோல்தான்.

1980இல் வந்த கிரேஹாக் வரைபடத்தில் ஒரு ஹெக்ஸ் (அறுகோண) கட்டம் 10 லீக், அதாவது 30 மைல். மிஸ்டாராவின் பழைய வரைபடங்களில் ஒரு கட்டம் 24 மைல். 1987 முதல் அந்த நாடுகளைத் தனித்தனியாக விரித்து எழுதியபோது 8 மைல் கட்டங்கள் வந்தன. மூன்றுமே பார்வைக்கு ஒரே அறுகோணம், காகிதத்தில் ஏறக்குறைய ஒரே பருமன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

இது என் மேசையிலேயே நடந்தது. 24 மைல் கட்டத்தில் வரைந்த ஒரு கடற்கரைப் பகுதியை கிரேஹாக் வரைபடத்தில் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே பெயர்த்து வரைந்தேன். துறைமுகத்திலிருந்து கோட்டை வரை 10 கட்டம். மாட்யூலின் கணக்கில் 240 மைல். விளையாட்டு விதிகளின் ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடை ஒரு நாளைக்கு 24 மைல், ஆகவே 10 நாள். வியாபாரி வாயால் அப்படியே சொல்லியும் விட்டேன். பிளேயர்கள் கணக்காக 10 நாள் சாப்பாடு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் நான் வரைந்த இடத்தில் அதே 10 கட்டம் 300 மைல். பன்னிரண்டரை நாள். ஒன்பதாம் நாள் மாலை ஒருவர் மேசையில் விரித்திருந்த வரைபடத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வியாபாரி பொய் சொன்னானா?" என்றார். இல்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவர்கள் அவனைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்ன ஒரு ஆள் என் அளவுகோலால் பொய்யனானது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சரிசெய்யும் முறை இது. பெயர்த்து வைக்கும் பகுதியின் தூரத்தை மைலில் எழுதுங்கள். அதை வாங்கும் வரைபடத்தின் கட்ட அளவால் வகுங்கள். 240 மைலை 30ஆல் வகுத்தால் 8 கட்டம். ஆக, பெயர்த்த பகுதி முழுவதையும் பத்துக்கு எட்டாகச் சுருக்க வேண்டும். என் விஷயத்தில் கோட்டைக்கு அப்பால் இருந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை. அதனால் கோட்டையை இரண்டு கட்டம் முன்னால் இழுத்தேன். வியாபாரி சொன்ன 10 நாள் மறுபடி உண்மையானது.

சுருக்காமல் விட்டால் இன்னொன்றும் நடக்கும், அது மெதுவாகத்தான் தெரியவரும். நீளம் 24இலிருந்து 30 ஆனால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். மக்கள்தொகை அதேதான். ஆக, நெருக்கமாக வாழும் நாடு என்று எழுதியிருந்த நாடு ஆள் அரவமற்ற நாடாகிவிடும். கிராமங்களே கண்ணில் படவில்லையே என்று பிளேயர்கள் சொன்னால் கிராமங்களைச் சேர்க்க ஓடாதீர்கள். முதலில் கட்டத்தை அளந்து பாருங்கள்.

அறிகுறி: அளவுகோல் சரி, ஆனாலும் கரையும் ஆறும் பொருந்தவில்லை

ஒரே உலகத்தின் இரண்டு பதிப்பு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்கூட இது வரும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் ஃபெய்ரூன் கண்டத்தை 2001 வரைபடத்தில் சுருக்கி வளைத்தார்கள். 1987 வரைபடத்தோடு ஒப்பிட்டால் வடமேற்கில் ஊர்களைப் பொருத்தினால் தென்கிழக்கில் ஊர்கள் விலகும். 2008இல் கதைப்படியே நிலம் மாறியது. மாயக் கொள்ளைநோய் ஒன்று வந்து நாடுகள் சில காணாமல் போயின, புதிய நிலங்கள் வந்தன. முதல் மாற்றம் வரைந்தவர்களின் முடிவு, கதைக்குள் யாருக்கும் தெரியாது. இரண்டாவது மாற்றம் கதைக்குள் எல்லோருக்கும் தெரிந்த பேரழிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நடக்காத ஒரு நிலநடுக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது: ஒளி ஊடுருவும் தாளில் ஒரு வரைபடத்தை நகலெடுங்கள். உங்கள் கேம்பெயின் நிஜமாகவே கால் பதித்த மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த மூன்றும் பொருந்தும்படி தாளைத் திருப்பி வையுங்கள். மீதி எவ்வளவு விலகினாலும் கவலை வேண்டாம். முழுக் கண்டத்தையும் பொருத்தப் பார்த்தால் எந்த இடமும் சரியாக உட்காராது.

பிறகு ஒட்டும் விளிம்பில் ஆறுகளைப் பாருங்கள். ஆறுகள் கடல் நோக்கிப் போகப் போக ஒன்றுசேரும், கழிமுகம் தவிர மற்ற இடங்களில் பிரிவது அபூர்வம். உங்கள் ஒட்டில் ஒரு ஆறு இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போனால் அங்கே ஒரு மலைத்தொடரையோ ஏரியையோ வைத்தாக வேண்டும்.

வடக்கே வெகுதூரம் போகும் வரைபடங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தட்டையான ஹெக்ஸ் தாள் உருண்டையான உலகத்தைச் சுற்றாது. 60 பாகை அகலக்கோட்டில் கிழக்கு மேற்காக ஒரு பாகை, நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். ஒரு நாட்டுக்குள்ளேயே ஆடுகிறீர்கள் என்றால் இதை மறந்துவிடலாம். இரண்டு கண்டங்களை வடக்கில் இணைக்கிறீர்கள் என்றால் மறக்கக் கூடாது.

அறிகுறி: இரண்டு நிலங்களுக்கு நடுவே ஒன்றுமில்லை

காரா-டூர் 1985இல் தனியாக வந்த நிலம். ஃபெய்ரூனைப் பற்றிய பெட்டித் தொகுப்பு வெளிவந்ததே 1987இல்தான். அப்புறம் இரண்டும் டோரில் என்ற ஒரே உலகத்தில் இருப்பதாக முடிவானது. நடுவில் இருந்த வெற்றிடத்தை என்ன செய்வது? 1990இல் அங்கே பரந்த புல்வெளியை வைத்து, குதிரைமேல் வாழும் மக்களை வைத்து, அவர்கள் மேற்கு நோக்கிப் படையெடுத்து வந்ததாகக் கதையும் வைத்தார்கள். எனக்கு இந்தத் தீர்வு மிகவும் பிடிக்கும். தையல் இருந்த இடத்தை மறைக்காமல் அங்கேயே ஒரு போரை நடத்தினார்கள். அதற்குப் பின் அந்த இடம் இடைவெளியாகத் தெரியவே இல்லை.

உங்கள் ஒட்டிலும் இதையே செய்யலாம். நடுநிலம் அகலமாக இருக்கட்டும், மக்கள் குறைவாக இருக்கட்டும், கடக்கக் கடினமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு அதிகம் தெரியாமல் இருந்ததற்கு அதுவே காரணமாகிவிடும். லோரில் (உலகத்தின் பின்கதையில்) இருக்கும் பாதி முரண்பாடுகளை "அந்தப் பக்கத்து ஆட்கள் கேள்விப்பட்டு எழுதியது" என்று வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரே ஊர் இரண்டு உலகங்களில்

இதில் பிளாக்மூர்தான் மூத்த நோயாளி. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் 1970களின் தொடக்கத்தில் ஆடிய கேம்பெயின் அது. பிறகு கிரேஹாக் வரைபடத்தின் வடக்கு ஓரத்தில் அதே பெயரில் ஒரு சின்ன நாடு வந்தது. 1986இல் வந்த மாட்யூல்களில் மிஸ்டாராவிலும் ஒரு பிளாக்மூர். ஆனால் அங்கே அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தன் கருவிகளாலேயே அழிந்துபோன பழம்பெரும் நாகரிகம். பிளேயர்கள் காலத்தில் பின்னோக்கிப் போனால்தான் அதைப் பார்க்க முடியும்.

இரண்டாவது நோயாளி டிரெட் தீவு. 1981இல் மிஸ்டாராவின் தென்கடலில் தோன்றியது. 2000களின் நடுவில் வந்த ஒரு தொடர் சாகசத்தில் கிரேஹாக்கின் ஓர்த் உலகத்துக் கடலில் இருந்தது. 2008க்குப் பின் நான்காம் பதிப்பில் ஃபேவைல்ட் என்ற மாய உலகத்தில்.

இங்கே உங்களுக்கு மூன்று மருந்துகள் உண்டு. அவற்றைக் கலக்க வேண்டாம்.

காலத்தில் தள்ளிவைப்பது மிஸ்டாரா பிளாக்மூருக்குச் செய்தது. இரண்டு இடங்களும் ஒரே இடமாக இருக்க முடியாத அளவுக்கு வரைபடம் இடித்தால் இதுவே சிறந்தது. ஒன்று பழையது, மற்றொன்று அதன் பெயரைச் சுமக்கும் புதியது. குடியேறியவர்கள் தாயகத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்பது எந்தப் பிளேயருக்கும் எளிதில் புரியும்.

நகரும் இடம் என்று வைப்பது இரண்டாவது. டிரெட் தீவுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துவேன். ஒரே தீவு, பனிமூட்டம் விலகும்போது வெவ்வேறு கடல்களில் தென்படுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தீவுவாசிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய வானம் மாறுகிறது, நட்சத்திரங்கள் மாறுகின்றன, வலையில் விழும் மீன் மாறுகிறது. அதைப் பற்றி அவர்கள் பேசாமல் இருந்தால் உங்கள் விளக்கம் வெறும் ஒட்டுப்போட்ட துணிதான். என் மேசையில் தீவின் மூதாட்டி ஒருத்தி, எந்தக் கடலில் இருக்கிறோம் என்பதை நிலவுகளை எண்ணிச் சொல்வாள். பிளேயர்கள் கரையிறங்கிய முதல் இரவு அவள் மேலே பார்த்து, "இரண்டு. அப்படியானால் இந்த முறை உங்கள் பக்கம்" என்றாள். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஓர்த்துக்கு நிலவுகள் இரண்டு, லூனாவும் செலீனும்.

மூன்றாவது, இரண்டுமே தனித்தனி ஊர்கள், பெயர் மட்டும் தற்செயலாக ஒன்று. சின்ன ஊருக்குச் சரி. கதையின் மையத்தில் இருக்கும் ஊருக்கு இதைச் செய்யாதீர்கள். பிளேயர்கள் அந்தப் பெயரைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது இருந்தாக வேண்டும்.

அறிகுறி: தேதியும் வயதும் உதைக்கின்றன

டோரிலின் ஆண்டு 365 நாள்: 30 நாள் மாதம் 12, திருவிழா நாட்கள் 5. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடும். ஓர்த்தின் ஆண்டு 364: 28 நாள் மாதம் 12, ஏழு நாள் திருவிழா வாரம் 4. மிஸ்டாராவுக்கும் எபெரான் என்ற இன்னொரு உலகத்துக்கும் 336: 28 நாள் மாதம் 12, அவ்வளவுதான்.

ஓர்த்துக்கும் டோரிலுக்கும் நடுவே ஒரு நாள் வித்தியாசத்தை விட்டுவிடலாம். மிஸ்டாராவை விட முடியாது. அங்கே 20 வயதான கேரக்டர் வாழ்ந்தது 6,720 நாள். டோரில் கணக்கில் அது 18 ஆண்டும் 5 மாதமும். 300 வயது எல்ஃப் என்றால் 276 வயதுதான். பரம்பரை உரிமை, சாபம் முடியும் நாள், "ஏழு தலைமுறைக்குப் பிறகு" என்று தொடங்கும் தீர்க்கதரிசனம் எல்லாம் இதில் இடறும். ஆண்டுகளை விட்டுவிட்டு நாட்களாக மாற்றிக் கணக்கிடுங்கள். உங்கள் பிளேயர் குழு ஒரு உலகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடந்த நாளை பூஜ்யம் என்று வைத்து, இரண்டு காலண்டரிலும் அந்த நாளில் ஒரு கோடு போடுங்கள்.

நிலவுகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஓர்த்தின் லூனா 28 நாளில் சுற்றும், செலீன் 91 நாளில். 364 நாள் ஆண்டில் இரண்டும் மிச்சமின்றி அடங்கும் என்பதால் பௌர்ணமி ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் வரும். டிராகன்லான்ஸ் கதைகள் நடக்கும் கிரின் உலகத்தில் மூன்று நிலவுகள், 36, 28, 8 நாள் சுற்றுகள். மூன்றும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப 504 நாளாகும். ஓநாய் மனிதனை ஓர்த்திலிருந்து கிரினுக்குக் கொண்டுபோகும் முன் எந்த நிலவுக்கு அவன் உடல் கட்டுப்படும் என்று முடிவெடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரு புத்தகத்தில் செத்த கடவுள் இன்னொன்றில் உயிரோடு

முதலில் தேதியைப் பாருங்கள். டோரிலில் மாயக் கலையின் தேவி மிஸ்ட்ரா, அங்கத்திய ஆண்டு எண்ணான டேல் கணக்கு 1385இல் கொல்லப்படுகிறாள், பின்னாளில் திரும்பி வருகிறாள். ரெல்ம்ஸின் 1987 புத்தகத்தில் கதை நடக்கும் ஆண்டு 1357, 2001இல் வந்ததற்கு 1372, 2008இல் வந்ததற்கு 1479. மூன்றுமே உண்மையைத்தான் சொல்கின்றன. எந்த ஆண்டில் ஆடுகிறோம் என்று நீங்கள் முடிவு செய்யாததுதான் கோளாறு.

தேதி சரியாக இருந்தும் இடித்தால் அது உண்மையிலேயே கடவுள் பிரச்சினை. உதாரணமாக, கிரினின் மந்திரவாதிகள் தங்கள் மூன்று நிலவுகளோடு கட்டுண்டவர்கள். அந்த நிலவுகள் இல்லாத வானத்தின் கீழ் வந்தால் என்ன? பிளேயரின் சக்தியைப் பறிக்காதீர்கள். உலகங்களை ஒட்டுவது உங்கள் ஆசை, அதற்கு அவர் கேரக்டர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? மந்திரம் வேலை செய்யட்டும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கட்டும். அந்தக் கேள்வியை வைத்தே பல செஷன் ஓட்டலாம்.

ஒரே மாதிரி இரண்டு கடவுள்கள் இருந்தால் இருவரும் ஒருவரே என்று அறிவித்துவிட ஆசை வரும். கிரினின் டாகிஸிஸும் மற்ற உலகங்களின் டியாமட்டும் ஐந்து தலை டிராகன் அரசிகள்தான். இணைத்தால் சுலபம். ஆனால் இணைத்த கணமே ஒருத்தியின் பக்தன் மற்றவளின் கோயிலுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். குளோரந்தா என்ற வேறொரு விளையாட்டு உலகத்தின் லோரிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. காட் லேர்னர்கள் என்ற கூட்டம் எல்லா மக்களின் தொன்மங்களையும் ஒரே தொன்மமாக அடுக்கப் பார்த்தது. கடவுள்களை ஒருவருக்குப் பதில் ஒருவராக மாற்றிப் போட்டும் சோதித்தது. முடிவில் அவர்களுடைய பேரரசே அழிந்தது. ஆகவே என் பழக்கம் இது: இணைப்பை ஒரு பூசாரி வாயில் வைப்பேன், எதிர்க்கும் இன்னொரு பூசாரியையும் வைப்பேன், கேம் மாஸ்டராக நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கடவுள்கள் வாழும் மேலுலகங்களின் வரைபடங்களுக்கும் இதே மருந்து. அவற்றின் வடிவம் 1987இல் சக்கரம், 2001இல் ரெல்ம்ஸுக்கு மட்டும் மரம், 2008இல் வேறொரு அமைப்பு, 2014இல் மறுபடி சக்கரம். இவை எல்லாமே அறிஞர்கள் வரைந்த படங்கள். வெளியே நின்று பார்த்தவர் யாருமில்லை.

அறிகுறி: தங்கத்தோடு வந்தவர்கள் ஏழையாகிவிட்டார்கள்

கிரினில் தங்கத்துக்கு மதிப்பில்லை, நாணயம் எஃகு. எஃகு நாணயத்தை மற்ற உலகத்துத் தங்க நாணயத்துக்குச் சமமாக வைத்துவிட்டு நகர்ந்தால் ஒரு பிளேயர் கட்டாயம் கணக்குப் போடுவார். ஐந்தாம் பதிப்பில் 50 நாணயம் ஒரு பவுண்டு. நீண்ட வாள் 3 பவுண்டு, விலை 15. உருக்கினால் 150 நாணயத்துக்கு உலோகம் கிடைக்கும். அடைக்க வழி: மதிப்பு உலோகத்தில் இல்லை, அதன்மேல் இருக்கும் நகர முத்திரையில் இருக்கிறது. கள்ள நாணயத்துக்குத் தண்டனை என்ன என்பதை முதல் ஊரிலேயே அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள்.

அறிகுறி: ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது

இரண்டு தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நிறுத்துங்கள். நீங்கள் மூன்றாவது குவியலைத் தாண்டி இரண்டாவதில் கை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசியாகச் செய்த திருத்தத்தைப் பின்வாங்கி, அதற்கு முந்தைய நிலைக்குப் போங்கள். அதற்கு எழுத்தில் பதிவு வேண்டும். செஷன் எண், எதை மாற்றினேன், ஏன், பிளேயர்களுக்குத் தெரியுமா என்று நான்கே விவரங்கள் போதும். என்னுடைய நோட்டில் அந்தக் கோட்டைக்கான வரி இப்படி இருக்கிறது: "செஷன் 14. கோட்டை இரண்டு கட்டம் முன்னால். வியாபாரி சொன்ன 10 நாளுக்காக. யாரும் அங்கே போனதில்லை." அதன் கீழே பின்னாளில் வேறு மையில் எழுதியது: "செஷன் 15. போய்விட்டார்கள். இனி நகர்த்தக் கூடாது."